நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும்

மச்சான்,

இன்று காலை எங்கள் பரிசோதனைச் சாலையின் மருந்து அலமாரியைக் காலி செய்தோம். கொக்கிப்புழுவுக்குப் புது மருந்து வந்துவிட்டதால் பழைய பூச்சித் தைலத்தைக் கொட்டிவிடச் சொல்லி உத்தரவு. பின்கட்டுக் கழிவுநீர்க் கானோரம் குந்திக்கொண்டு நானே ஒவ்வொரு புட்டியாகத் திறந்து ஊற்றினேன். கற்பூரமும் அழுகிய தழையும் சேர்ந்தாற்போன்ற அதே நெடி. கூட நின்ற ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நான் அடுத்த புட்டியைத் திறந்தேன். ஒரு கரண்டி சீனியில் இந்தத் தைலத்தைச் சொட்டிக் கொடுத்ததும் நீங்கள் அதை வாயில் போட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல், பின்னால் தயங்கி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது கண்முன் வந்தது.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்களுக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தபோது இதை அனுப்பியிருந்தாலும் வேறொருவர்தான் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்க உங்களுக்குக் காதும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் எழுதுகிறேன். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நான் சொன்னதெல்லாம் எனக்கு வசதியான இடத்தில் தொடங்கி வசதியான இடத்தில் முடிந்தவை.

நீங்கள் அக்காவைக் கட்டியபோது எனக்குப் பதினோரு வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் போய்விட்டிருந்தார்கள். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில் ஒரே அறைக் காம்பராவில் மூன்று பேராக இருந்தோம். என்னையும் மலை வேலைக்கு அனுப்பச் சொன்ன கங்காணியிடம், அவன் படிக்கட்டும் என்று சொன்னவர் நீங்கள். வண்டிப் பாதையில் பதுளைவரை கூட்டிப்போய் மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டவரும் நீங்கள்தான். இந்த வாயில் இங்கிலீசு வந்தது உங்களால் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

உங்கள் வேலை கம்பியடியில். மேல்மலையில் கொய்த கொழுந்தை மூட்டையாகக் கட்டிக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். அது சரிவில் இரைந்துகொண்டு கீழே தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வரும். அடியில் நின்று அதை நிறுத்திக் கழற்றி எடுப்பது நீங்கள். பனி மூடிய நாட்களில் மூட்டை கண்ணுக்குத் தெரிவதற்குள் தலைக்கு மேல் வந்துவிடும். நீங்கள் கண்ணை நம்பவில்லை. கம்பி கட்டிய மரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்ப்பீர்கள். “பெரிய மூட்டை, நனைஞ்சது” என்பீர்கள். அப்படியே வந்து விழும். உங்களுக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவருக்குத் தோள் முறிந்தது. உங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த மறுவருஷம் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். நம் ஆட்கள் வெளுத்துப்போய், கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் குடலில் கடித்துத் தொங்கும் புழு என்றார். அதைக் கொல்லும் தைலம் அவரிடம் இருந்தது. ஆனால் எத்தனை சொட்டு கொடுத்தால் புழு முழுவதும் விழும், எத்தனைக்கு மேல் போனால் ஆளுக்கு ஆகாது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தார். ஒரு லயத்துக்குக் குறைந்த சொட்டு, இன்னொரு லயத்துக்குக் கூடிய சொட்டு, பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை. தமிழும் இங்கிலீசும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். தோட்டத்து ஆபீசில் எழுதிக்கொண்டிருந்த என்னைத் துரை அவரிடம் அனுப்பினார்.

டாக்டர் கெட்டவர் இல்லை, மச்சான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விருப்பமில்லாத யாரையும் கட்டாயப்படுத்தாதே என்று முதல் நாளே சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் புழுவை எல்லோருக்கும் காட்டச் சொன்னார். நீங்கள் ஒரு கண்ணை மூடிக் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு பல்லா என்று கேட்டீர்கள். நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். யாரும் மருந்துக்கு முன்வராமல் நின்றபோது நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். “எம் மச்சினன் பக்கத்துலயே நிக்கிறான். தப்பா ஒண்ணும் நடக்க விடுவானா?” என்று ஜனங்களிடம் சொன்னீர்கள். உங்கள் லயம் முழுவதும் உங்கள் பின்னால் வந்தது. அது கூடிய சொட்டு லயம்.

மூன்றாம் நாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். தலை சுற்றுகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, காதில் சத்தம் கேட்கிறதா என்று டாக்டர் எழுதி வைத்திருந்த கேள்விகள். அவர்கள் சொல்வதை அப்படியே சொல், உன் எண்ணத்தைச் சேர்க்காதே என்று எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. வரிசை நீளமாக இருந்தது. உங்கள் முறை வந்ததும் மேசையருகே வந்து நின்று, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

“காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரியே இருக்கு மாப்ள. மருந்து குடிச்ச அன்னைலேருந்து. கம்பி ஓடுற மாதிரி கேக்குது, திரும்பிப் பாத்தா கம்பி சும்மா நிக்குது. தொரகிட்ட சொல்லு.”

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான், “நோ கம்ப்ளெயின்ட், சார்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். உங்களுக்கு முன்னால் வந்த கிழவர் ஒருவர் தன் காய்ச்சலுக்கு முனி அடித்ததுதான் காரணம் என்று நீளமாகச் சொல்ல, அதை மொழிபெயர்த்தபோது டாக்டர் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. சில்வண்டு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் அக்கா புருஷன் அப்படிப் பேசினார் என்பது வெட்கமாக இருந்தது. அது மட்டும் இல்லை. முறையிட்டவர்களை இரண்டாம் தடவைக்குச் சேர்க்காமல் விடுவார்கள். ஏற்கெனவே சிலர் அப்படிக் கணக்கிலிருந்து விழுந்திருந்தார்கள். இன்னும் சிலர் விழுந்தால் கணக்கு நிற்காது, வேறு தோட்டம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார். இந்த வேலை நல்லபடி முடிந்தால் என்னைப் பதுளைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனைச் சாலையில் வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். நான் மனதால் பதுளைக்குப் போய்விட்டிருந்தேன்.

அன்று மாலை லயத்து வாசலில் நீங்கள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை உள்ளேயிருந்து கேட்டேன். “நான் அவ்வளவு நீட்டிச் சொன்னத எங்க மாப்ள ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டான். இங்கிலீசுன்னா அப்படித்தான் போல.” அக்கா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. வெளியே வந்து சொல்லவும் இல்லை.

அந்தப் பத்து நாள் முடிவதற்குள் ஒருமுறை, காதுச் சத்தத்துக்குத் தொர என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். இரண்டாவது தடவை குடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னார் என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். சொன்ன நாளில் முதல் ஆளாக வந்து நின்றீர்கள். சீனிக் கரண்டியை உங்கள் கையில் கொடுத்தது நான்.

அதற்கு அடுத்த வாரம் டாக்டரோடு பதுளைக்குப் போய்விட்டேன். நடந்தது எல்லாம் அக்கா ஆள் பிடித்து எழுதியனுப்பிய கடிதத்தில்தான் தெரிந்தது. முதலில் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தீர்களாம். ஏதோ யோசனை என்று அக்கா நினைத்தாளாம். ஒருநாள் பனியில் மூட்டை வந்தபோது நீங்கள் தலையைச் சாய்த்தபடியே நின்றிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்றவர் இழுத்துத் தள்ளியதால் உயிர் தப்பியது. மறுநாள் கங்காணி உங்களைக் கம்பியடியிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார். நான் லீவு கேட்டு ஓடி வந்தேன். நீங்கள் என் வாயைப் பார்த்தபடி, ஒன்றுமில்லை, குளிர் அடைத்திருக்கிறது, வெயில் வந்தால் திறந்துவிடும் என்றீர்கள். அந்த வெயில் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவசரத்தில் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சில மாதம் கழித்து, பரிசோதனைச் சாலையில் டாக்டர் வெளிநாட்டு வைத்தியச் சஞ்சிகை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். வேறொரு தேசத்தில் இந்தத் தைலத்தால் சிலருக்குக் காது நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அவர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். நம் ஆட்களில் யாராவது காதைப் பற்றிச் சொன்னார்களா, நன்றாக யோசித்துச் சொல் என்றார். மழை இல்லை, வரிசை இல்லை, அவசரம் இல்லை. உட்காரக்கூடச் சொன்னார். நான் யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டு, இல்லை என்றேன். அவருக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வருஷம் அவருடைய கட்டுரை அச்சாகி வந்தது. கூடிய சொட்டு வாங்கியவர்களில் ஒருவரும் காதைப் பற்றி முறையிடவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்து எந்தெந்த ஊரில் யார் யாருக்கு எத்தனை சொட்டு ஊற்றினார்களோ, எனக்குத் தெரியாது.

உங்கள் மகள் சின்னவள் பிறந்து பேசத் தொடங்கிய பிறகு ஒரு தைப்பொங்கலுக்கு வந்திருந்தேன். அவள் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து, நீங்கள் திரும்பிய பிறகுதான் பேசுவாள். எல்லோரிடமும் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு என் வேட்டியையும் இழுத்தாள். அதைத் தாங்க முடியாமல், நீங்களும் நானும் தனியாக இருந்த நேரத்தில் எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் முடித்ததும், “என்னமோ சொல்ற, ஒண்ணும் வெளங்கல. மொகம் வாடியிருக்கு மாப்ள, சாப்ட்டியா?” என்று கேட்டீர்கள். அழுதேன். மனசு லேசானதுபோல் இருந்தது. உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று அதற்குப் பிறகு சில வருஷம் நம்பினேன்.

போன ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டீர்கள். கருமாதி முடிந்து பதுளைக்குத் திரும்பியதும், சொந்த தேசத்துக்குப் போய்விட்டிருந்த டாக்டருக்கு உண்மையை எழுதினேன். பதில் வர இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. திட்டவில்லை. திருத்தம் போடச் சஞ்சிகைக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: வேறு யாருடைய பதிலையெல்லாம் நீயாகவே சொன்னாய்? அன்றைய வரிசையை மனதில் ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து பார்த்தேன். எனக்கு நினைவில்லை, மச்சான். உங்கள் சொல் மட்டும் நினைவில் நின்றது நீங்கள் என் சொந்தம் என்பதால்தான். நினைவில்லை என்று அவருக்கு எழுதினேன். அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

பிறகு அக்காவிடம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குத் தலைக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“ரெண்டாவது தடவ குடிக்காம இருந்திருந்தா காது இருந்திருக்குமா?” என்று கேட்டாள்.

இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அப்போதுதான் கை நின்றது. அவர் இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். ஒரு பொங்கலுக்கு அவரிடம் சொன்னேன் அக்கா என்றேன்.

“காது கேக்காதவருகிட்ட சொன்னே. நான் உள்ளதான தம்பி இருந்தேன்.”

அவள் கயிற்றை மறுபடி முறுக்கத் தொடங்கினாள். “வராதேன்னு சொல்ல மாட்டேன். சின்னவளுக்குத் தாய்மாமன்னு நீ ஒருத்தன்தான். ஆனா அவரு பேர இனிமே உன் வாயால சொல்லாதே.”

அக்கா உங்கள் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை; புருஷன் பெயரை யார் சொல்கிறார்கள். அது மரியாதை. எனக்கு விதித்தது வேறு. இந்த மடலிலும் அதை நான் மீறவில்லை.

போன மாதம் சின்னவளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் கூட்டிப்போனேன். வாத்தியார் பெயர் பதியும் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தகப்பன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டார். சின்னவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசைக்குக் கிட்டப் போய், அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவர் குனிந்ததும் உங்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே அவர் எழுதிக்கொண்டார்.