நீ அனுப்பாத பணம்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று பதறாதே. நம் வீட்டில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறையிலிருந்து பதில் வருமே, அதனால் பள்ளி அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன், படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். போன வாரம் அப்பாவின் வங்கிக் கணக்கில் ஒரு பெரிய தொகை வந்தது, அவர் ஆறு மாதம் மோட்டார் ரிப்பேர் பார்த்தாலும் சேராத தொகை. நீ இருக்கும் ஊரின் கிளையிலிருந்து வந்ததால் நீதான் அனுப்பினாய் என்று முடிவு கட்டிவிட்டார். நீ சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனிதர், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, 'எம் பொண்ணு அனுப்பியிருக்கா, கோவம் இருந்தா அனுப்புவாளா?' என்கிறாராம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், 'அப்போ கடையை மூடிட்டு உக்காந்து சாப்பிடுய்யா' என்று சீண்டியதற்கு, 'அது அவ காசு, தொடவே மாட்டேன்' என்றாராம். நானும் நம்பிவிட்டேன், நீயாகச் சொல்லட்டும் என்று கேட்காமல் இருந்தேன்.

நேற்று பள்ளிப் பணம் கட்ட வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் பெண், 'நாங்க எத்தனை தடவை கூப்பிட்டும் உங்க வீட்டு சார் போனையே எடுக்க மாட்டேங்கிறாரே அக்கா' என்று தனியாகக் கூப்பிட்டாள். அப்பா கணக்கில் வந்தது, யாரோ ஒருவர் வீட்டு அட்வான்ஸுக்கு அனுப்பிய பணமாம், கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டாராம். நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்களேன் என்றேன். முடியாதாம். இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் கணக்கை முடித்துக்கொண்டு ஒருவர் கணக்கில் பணம் சேர்ந்துவிட்டால் சட்டப்படி அது முடிந்த விஷயம், அனுப்பியவர் நினைத்தாலும் வங்கி நினைத்தாலும் பின்னால் இழுக்க முடியாது, வாங்கியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுதான். 'இப்படி ஒரு சட்டம் இல்லன்னா வந்த பணத்தை யாருமே நம்ப முடியாதே அக்கா' என்றாள். நியாயம்தான். பணத்தை அனுப்பிய மனிதர் தினமும் வங்கிக்குப் போன் செய்து அழுகிறாராம். வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார், ஊரார் காசில் ஒரு நாள்கூட ஆசைப்பட்டவர் இல்லை. என் பயம் அதுவல்ல. பணத்தோடு அவர் முகத்தில் வந்திருக்கும் களையும் திரும்பிப் போய்விடுமோ என்பதுதான். அதே தொகையை நீ கடன் வாங்கி அந்த மனிதருக்கு அனுப்பிவிட்டால் அப்பாவுக்குத் தெரியவே போவதில்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி எதுவும் செய்துவிடாதே, ஒரு காசும் அனுப்பாதே. வியாழக்கிழமைக்குள் நீயே கூப்பிட்டு, 'அது நான் அனுப்பினதில்லப்பா' என்று சொல். கோபம் இல்லையென்றால் அதையும் சொல். இருந்தால் அதையும் உன் வாயாலேயே சொல். கவுண்டரில் நாலு பேர் நடுவில் நின்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். கடை நம்பருக்கே அடி. மோட்டார் சத்தத்தில் முதல் தடவை அவருக்குக் கேட்காது. எடுக்கவில்லையே என்று விட்டுவிடாதே, எடுக்கும்வரை அடி.

உன் அம்மா