தாழ்வாரம் என்றே எழுதுவேன்

மார்ச் 4

இன்றும் முதலாளியோடு முட்டல். ஆஸ்பத்திரி வரைபடத்தில் வார்டை ஒட்டி நான் போட்ட தாழ்வாரத்தை – மேலே கூரை, வெளிப்பக்கம் வெறும் தூண்கள் – சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். "வேஸ்ட் இடம்மா. கண்ணாடி போட்டு அடைச்சா நாலு ஸ்பெஷல் ரூம்." போன மாதம் ஒரு பங்களாவுக்கு இதே சங்கதியை 'லோஜியா' என்று பெயர் சூட்டி ஆகா ஓகோ என்று விற்றவர் இவர்தான்! பணக்காரன் காற்று வாங்கினால் லோஜியா, இல்லாதவன் உட்கார்ந்தால் வேஸ்ட்டா?

மார்ச் 5

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவை மாடிப்படியிலிருந்து விரட்டினார்கள், வாசலிலிருந்தும் விரட்டினார்கள். மழையில் நின்றாள். துணைக்கு வந்தவர்கள் எங்கேதான் போவார்கள்? விடமாட்டேன்.

மார்ச் 9

எங்கள் ஆபீஸ் வழக்கம் – படத்தில் பெயர் எழுதாத இடம் காலி இடம். யாரும் அதில் அறை போட்டுவிடலாம். அதனால் மறுபடி வரைந்து, கொட்டை எழுத்தில் 'தாழ்வாரம்' என்று எழுதினேன். பக்கத்து மேஜை அண்ணன் எட்டிப் பார்த்தார். "உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேலையும் வேணும், தாழ்வாரமும் வேணும்ணே."

மார்ச் 10

முதலாளி அழித்துவிட்டார். எழுதினேன்.

மார்ச் 11

அழித்தார். எழுதினேன். யார் கை முதலில் ஓய்கிறது, பார்க்கலாம்.

மார்ச் 16

ஆஸ்பத்திரியில் கூட்டம். கடைசியாக எழுதியது நான். அவசரத்தில் அதைப் பார்க்காமலே முதலாளி படத்தை விரித்துவிட்டார். தலைமை நர்ஸ் அந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்பாடா! ஜனங்க கட்டிலுக்கு அடியில படுத்துக் கிடக்குதுங்க சார். இதை மட்டும் எடுத்துடாதீங்க." முதலாளி அசடு வழிந்து, "நான்தான் போடச் சொன்னேன்" என்றார். பச்சைப் பொய்!

வெளியே வந்ததும், "நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

"சரி சார். இனிமே அதுல கை வைக்க முடியாது உங்களால."

மறு வருடம், நவம்பர் 22

புது ஆபீசில் லீவு போட்டுவிட்டு, அம்மாவை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கொட்டுகிற மழை. வாசல் கல்வெட்டில் பழைய முதலாளி பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். தாழ்வாரம் முழுக்கப் பாய், பை, பிளாஸ்க், பிள்ளைகள். அம்மா ஓரமாகவே நின்றாள். "இங்க உட்காரலாமாடி? திட்டுவாங்க."

துடைப்பத்தோடு ஓர் அம்மாள் வந்தார். அம்மா பதறிப்போய்ப் படியிறங்கப் பார்த்தாள்.

"மழையில எங்கம்மா போறே? தாழ்வாரம் எதுக்கு இருக்கு? சுவரோரமா உட்காரு!"

அம்மா உட்கார்ந்தாள். காலை நன்றாக நீட்டிக்கொண்டு.