திருவிருந்து ஜாடி

9 பிப்ரவரி 2003, ஞாயிறு, போடி

காலையில் இவர் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டையில் மறுபடியும் ரத்தம். இடது காது வேறு அடைத்தபடியே இருக்கிறது. கேட்டால், "ஏலக்காத் தூசி, வேற என்ன?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அதே கடை, அதே தூசி. இப்போது மட்டும் எப்படி? சொன்னால் ஏறாது. தூசி அடைத்தது ஒரு காதைத்தான், என் பேச்சுக்கு இரண்டும் அடைப்பு.

மதியம் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை வந்தது. ஈஸ்டருக்குச் சர்ச் திருவிருந்தில் கொடுக்கிற திராட்சை ரசம் எப்போதும் எங்கள் வீட்டு ஜாடியில்தான் ஊறும். இவர் காம்பு கிள்ளிப் போட்டார், நான் பிசைந்தேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டியதும் இவரே.

28 பிப்ரவரி

கழுத்தில் ஒரு கட்டி. ஷேவ் செய்யும்போது கையில் தட்டுப்பட்டதாம். நெல்லிக்காய் அளவு. வலிக்கவில்லை என்கிறார். வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

11 மார்ச், மதுரை

சதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்குகிற இடத்தில். கேன்சர்.

எழுத முடிகிறது. வாயால் சொல்ல முடியவில்லை.

12 மார்ச்

"இவுக பீடி சிகரெட் தொட்டதில்லையே, குடிச்சதில்லையே, வெத்தலகூடப் போடமாட்டாகளே" என்று டாக்டரம்மாவிடம் அழுதேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வகைக் கேன்சரில் ஒரு வைரஸுக்குப் பங்கு உண்டாம். எச்சில் வழியாகப் பரவுவது. அநேகமாக எல்லோருக்குமே சின்ன வயதில் வந்துவிடும், அதன்பிறகு ஆயுசுக்கும் உள்ளே தூங்கிக் கிடக்கும். யாரோ ஒருவருக்குத்தான் மூக்கின் பின்புறம் புகுந்து, சாகவேண்டிய செல்லைச் சாகவிடாமல் பெருகவைக்கிறது.

"வைரஸ் மட்டும் பத்தாதும்மா. உடம்பு வாகு, இன்னும் என்னென்னவோ சேரணும். அது உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். கேன்சர் யாருக்கும் ஒட்டாது."

அப்படியென்றால் இவருக்கு மட்டும் ஏன்? "தெரியலம்மா" என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்தது. பிடித்து என்ன செய்ய?

23 மார்ச், போடி

இவருடைய அக்கா ராஜமணி மதினி வந்திருந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார். "பஜார்ல ஒருமாதிரி பேசுறாக ஞானம். ஏலக்கா வாங்க எஸ்டேட்டுக்குப் போற சாக்குல குடிச்சிருப்பான், இல்லாட்டி தொண்டையில எதுக்கு வருதுன்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடியுமில்ல ஒண்ணுமில்ல மதினி. இது எச்சில்ல வர்ற கிருமி. டாக்டரே சொன்னாக!"

மதினி தம்ளரைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். எல்லோருக்கும் இருப்பது, ஒட்டாது என்று மீதியையும் சொன்னேன். அவர் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

6 ஏப்ரல்

இன்று திருவிருந்து. எங்கள் சர்ச்சில் எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம், வரிசையாக மண்டியிட்டு வாய்வைத்துக் குடிப்பது. இவருக்கு அடுத்து நான் குடித்தேன். எனக்கு அடுத்தவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலைகுனிந்தார். அதற்கு அடுத்தவரும். அதற்கு அடுத்து மதினி. மிச்சம் வைக்காமல் குடித்துத் தீர்ப்பது போதகர் கடமை. பாவம், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார்: "குடிகாரன்னு நெனச்சிருந்தாலாவது பக்கத்துல உக்காந்திருப்பாக, ஞானம்."

இவர் பெயரைக் காப்பாற்றத்தானே சொன்னேன்? ஏன் சொன்னேன் — ஐயோ, எதுக்குச் சொன்னேன்!

16 ஏப்ரல்

சர்ச் செயலாளர் ஜாஸ்பர் வாசலோடு நின்று பேசினார். "இந்த ஈஸ்டருக்கு ரசத்தை மதுரையில இருந்து பாட்டில்ல வாங்கிட்டோம்க்கா. இருக்கிற கஷ்டத்துல உங்களுக்கு எதுக்கு இதுவேற?"

ஜாடி நிறைய ரசம். இவர் உள்ளே கட்டிலில்தான் இருந்தார். வலது காது நன்றாகக் கேட்கும்.

5 ஜூன், மதுரை

கட்டி கரையக் கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சுக்கு இங்கே அதுதான் பெயர். வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. எச்சில் ஊறுவதே நின்றுபோனது. தண்ணீரால் உதட்டை நனைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

"எச்சில் எச்சில்னு பயந்தாகளே, இப்ப அதுவும் இல்ல. போய்ச் சொல்லு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2 நவம்பர், போடி

கட்டி கரைந்துவிட்டது. கடைக்குக்கூட ஒரு நடை போய்வந்தார். சர்ச்சில் திருவிருந்துக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் போகவில்லை.

14 ஜனவரி 2004

கல்லீரலுக்குப் போய்விட்டதாம்.

6 மார்ச்

ஜாடியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். "இனிக்குதா?" என்றேன். ருசி தெரியவில்லை என்று தலையாட்டினார். தம்ளரில் இருந்ததை அவர் எதிரிலேயே நான் குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

8 மார்ச்

காலையில் போய்விட்டார்.

20 பிப்ரவரி 2005, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜாஸ்பரும் மதினியும் வந்தார்கள். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். காபி கொடுத்தேன். மதினி கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பாட்டில் ரசம் யாருக்கும் பிடிக்கலக்கா" என்றார் ஜாஸ்பர். "பழையபடி நீங்களே போட்டுத் தாங்க. இப்பத்தான் ஒண்ணும் பயமில்லையே."

அந்தக் கிருமி எனக்குள்ளும் இருக்கிறது, உனக்குள்ளும் இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று.

"ஜாடி ஒடஞ்சு போச்சு தம்பி" என்றேன்.

"அடடா, எத்தன காலத்து ஜாடி" என்று மதினி வருத்தப்பட்டார்.

ஜாடி பரணில்தான் இருக்கிறது. கேட்க வருவார்கள் என்று போன வாரம்தான் இறக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து ஏற்றினேன்.