விடுப்புக் கடிதத்து வலி

தம்பிக்கு,

உன் மகளின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. அப்பா இறந்தபோது நீ வரவில்லை. முகத்தில் நியூரால்ஜியா, நரம்பு வலி தாங்க முடியவில்லை என்று தகவல் மட்டும் அனுப்பினாய். உன் வீட்டில் ஒரு கல்யாணம் வரட்டும், அதே வார்த்தையைத் திருப்பி எழுதுகிறேன் என்று பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன். உன் அண்ணிக்கும் அது தெரியும்.

அந்த வார்த்தையை நீ என்னிடமிருந்துதான் எடுத்தாய். கல்லூரியில் பாடம் நடத்தப் பிடிக்காத நாளெல்லாம் விடுப்புக் கடிதத்தில் அதைத்தான் எழுதுவேன். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள்; நரம்பு வலியை யாரால் தொட்டுப் பார்க்க முடியும்? நம் அத்தையும் மாமியார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அதைச் சொல்லியே தப்பித்தாள். பிறகு உன்னை எப்படி நம்புவது?

போன மாதம் எனக்கே வந்துவிட்டது. மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலே கத்தினேன்.

"தம்பி வீட்டுப் பத்திரிகையே இன்னும் வரல, அதுக்குள்ள ஒத்திகையா?" என்றாள் உன் அண்ணி. மருத்துவர் சீட்டைப் பார்த்த பிறகுதான் விசிறியை நிறுத்தினாள்.

ஊசி போட்டார்கள். இப்போது வலி இல்லை. இடது கன்னம் மரத்துக் கிடக்கிறது. இன்று சவரம் செய்கையில் வெட்டிக்கொண்டேன். சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று உனக்கு நிஜமாகவே வலித்ததா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். அண்ணன் ஏன் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது கேட்டால், நியூரால்ஜியா என்று சொல்லிவிடு.

உன் அண்ணன்