மிக்ஸி ஓடும்போது மட்டும்

செம்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள திரு. ஜாய்சன் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மிக்ஸி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தோஹாவில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. ஏரி நிறைந்திருக்கிறது, கொசுவும்தான். உங்கள் அம்மாவுக்கு பி.பி. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் இப்போது சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள். என் பெரிய ஜாரில் கொஞ்சம் ஒழுகுகிறது. மற்றபடி சுகம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி ஜெரூஷாவை நான் நேசிக்கிறேன். கோபப்படாதீர்கள். உங்கள் மாமனார் சீரோடு என்னையும் அனுப்பிய நாளிலிருந்து இந்தச் சமையல் மேடையை விட்டு நான் எங்கும் போனதில்லை. நீங்கள் லீவு கிடைத்தால் வருகிறீர்கள். அரைக்கும்போது அவள் என் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அதற்காகவே மூடியைக் கொஞ்சம் அதிகமாக ஆட்டியதுண்டு. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பாள். ஃப்ரிட்ஜுக்கு அந்த மரியாதை பண்டிகைக்குப் பண்டிகைதான்.

ஆனால் என் காதில் விழுவதெல்லாம் உங்கள் புராணம். நான் ஓடும்போது மட்டும்தான் அவள் மனம்விட்டுப் பேசுவாள். ஹாலில் உங்கள் அம்மா இருக்கிறார். மருமகள் கண் கலங்கினால் அவருக்கு பி.பி. ஏறிவிடும். அதனால் என்னை வேகமாகச் சுழலவிட்டு, அந்த இரைச்சலுக்குள் உங்களிடம் பேசுகிறாள், நீங்கள் எதிரே நிற்பதுபோல. சட்னி ஏன் தினமும் இவ்வளவு மையாக இருக்கிறது என்று உங்கள் அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு உங்கள் மேல் பொறாமைதான், மறைப்பானேன்.

நேற்று ரொம்ப நேரம் ஓடி, சூடேறி நின்றுவிட்டேன். அவள் பேச்சு நிற்கவில்லை. "மார்ல கட்டி மாதிரி இருக்கு, டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லி ஒரு மாசமாச்சு. ஒத்தையா போகப் பயமா இருக்குங்க" என்று அவள் சொன்னது என் இரைச்சல் அடங்கிய சமையலறையில் விழுந்தது. என்னம்மா சொன்னே என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "மிக்ஸி நின்னுடுச்சு அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்று சமாளித்தாள். நல்லவேளை, டிவியில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை என்றா எழுதினேன்?

மாலையில் நீங்கள் போன் செய்தபோது நல்லா இருக்கேன் என்றாள். நான் நின்றுபோனதை மட்டும் சொன்னாள். பழசை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுச் சத்தமே வராத மிக்ஸியாக வாங்கிக்கொள் என்றீர்கள். அவளும் சரி என்றாள். சத்தம் வராத மிக்ஸியை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பேசுவாள்?

தெரிந்தால் வேலையை உதறிவிட்டு ஓடிவந்துவிடுவீர்களோ என்று அவளுக்குப் பயம். வராமல் இருந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். அவள் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவும், டெஸ்ட் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அதற்கு என்னால் ஆகாது.

என்னைத் தாராளமாக எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். எனக்கு முழுச் சம்மதம். ஆனால் எனக்குப் பதிலாக இன்னொரு மிக்ஸி வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

ஆண்டவர் உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மிக்ஸி