மேளத்துக்கு அட்வான்ஸ்

9 ஜூன் 2025, திங்கள்
இந்த மாதக் கடைசியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். கன்டெய்னர் யார்டில் யார் கேட்டாலும், "அப்பாடா, விடுதலை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். இன்று மேனேஜர் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறீங்களா, சாலமோன்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆசைதான்!

10 ஜூன்
யோசிக்க இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது கூட வேலை செய்யும் சுஃபியான் ஓடி வந்தான். "மாமு, புளியந்தோப்பு மேளத்துக்கு அட்வான்ஸ் குட்த்தாச்சு. எர்ணாவூர் வரிக்கும் ஆட்டத்தோட உன்ன வூட்ல வுட்றோம்."
ரிட்டயர் ஆகிறவருக்கு மாலை போட்டு, மேளத்தோடு வீடு வரை கொண்டுபோய் விடுவது எங்கள் யார்டு வழக்கம். எத்தனை பேருக்கு நானே ஆடியிருக்கிறேன். இப்போது போய், "நான் போகலப்பா" என்பதா? பசங்க முகத்தில் எப்படி முழிப்பேன்?

13 ஜூன்
மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேளத்துக்காக! என்ன மனுஷன்டா நீ.

15 ஜூன், ஞாயிறு
கோயில் முடிந்து வந்து, சங்கரா மீன் குழம்பு சாப்பிடும்போது மனைவி கரோலினிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.
"முன்ரூம்ல பொம்பளைங்க ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்றாங்கோ. பகல் பூரா நீ அங்கியே குந்திகினு இருந்தா நா எப்டிய்யா தைக்கறது? இத எப்டி சொல்றதுன்னு நானே பேஜாராயிகினு கீறேன்!"
கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.
"உனுக்கு வேல புடிச்சிகீதா இல்லியா? அத்த சொல்லு."
பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் இதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம் — தெரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு முதுகுவலிகூட ஞாபகம் வருவதில்லை.

16 ஜூன்
மேனேஜரிடம் போய், சொன்னதை வாபஸ் வாங்கினேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சுஃபியான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "மேளக்காரன் அட்வான்ஸ திருப்பித் தரமாட்டான், மாமு. இப்ப இன்னா பண்றது?"

30 ஜூன்
மாலையும் இல்லை, மேளமும் இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். கொஞ்சம் ஏமாற்றம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

1 ஜூலை, செவ்வாய்
பல் தேய்க்கும்போதே தெருவில் சத்தம். வாசலில் மேளம், சுஃபியான், பசங்க எல்லாரும். கரோலின் கையில் மாலை! திருடி, அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.
"வூட்டாண்ட கொண்டாந்து வுட்றதுக்குத்தான் மேளமா?" என்றான் சுஃபியான். "வேலைக்கு இட்டுகினு போறதுக்கு அடிக்கக் கூடாதா, மாமு?"
திருவொற்றியூர் யார்டு கேட் வரைக்கும் ஆடிக்கொண்டே போனேன்.
புது கான்ட்ராக்டில் முதல் நாளே முக்கால் மணி நேரம் லேட்.