‘பொதிக்குதிரை’யைச் செய்தவர்

13 அக்டோபர் 2008, திங்கள்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குத்தான் எதிர்வீட்டு வேலி தெரிந்தது. மின்வெட்டு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. அதற்குள் முடித்துவிட எண்ணி ‘பொதிக்குதிரை’ கட்டுரையோடு உட்கார்ந்தேன்.

ஆங்கில இணையக் கலைக்களஞ்சியத்தில் எனக்கு இது மூன்றாவது வருடம். குறிஞ்சி பூத்தபோது அந்தச் செடியைப் பற்றிய கட்டுரையில் ஒரு தவறைத் திருத்தினேன், விடாமல் பிடித்துக்கொண்டது. அங்கே எல்லாரும் என்னை ஆண் என்றே நினைக்கிறார்கள். மறுத்ததில்லை. ஆண் என்றால் வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள்.

‘பொதிக்குதிரை’ எண்பதுகளின் நடுவில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வீட்டுக் கணினிக்காகக் கேசட்டில் விற்ற விளையாட்டு. என் கணவர் வேலை பார்த்த கம்பெனி. ஒரு மட்டக்குதிரையை ஆரஞ்சு மூட்டைகளோடு மலையிலிருந்து கீழே இறக்க வேண்டும். ஒன்பது திரைகள். வாங்கியவர்கள் சொற்பம். கட்டுரையைத் தொடங்கியவர் பின்லாந்துக்காரர், பழைய கேசட் சேகரிப்பவர், ‘ஸ்நோஷூ’ என்ற பெயரில் எழுதுகிறார். ‘நல்ல கட்டுரை’ வரிசைக்கு அனுப்ப ஆசை. அதற்கு முன் நான் ஒரு முறை பார்க்க வேண்டுமாம்.

பதின்மூன்று குறிப்புகள் அனுப்பினேன். சில மட்டும் இங்கே:

2. ‘மிகவும் புகழ்பெற்ற’ – யாரிடம்? நீக்கவும்.
5. முதல் பத்தியில் குதிரை, இரண்டாம் பத்தியில் கழுதை. முடிவு செய்யவும்.
9. ஏழாம் திரையில் ஓடை என்கிறீர்கள். பார்த்து எழுதியதா, கேட்டு எழுதியதா?
13. முடிவுரை தேவையில்லை. இது பிரசங்கம் அல்ல.

கடுமைதான். அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவளிடம் கேட்டால் வேறென்ன வரும்.

கேஸ் பதிவு செய்ய வேண்டும். கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது.

14 செவ்வாய்

மழை. ஸ்நோஷூவிடமிருந்து பதில். பதின்மூன்றையும் சரிசெய்துவிட்டார், முணுமுணுப்பு இல்லாமல். கீழே அவராக ஒன்று சேர்த்திருக்கிறார்:

“14. வடிவமைத்தவர் பெயர். சென்ற வருடம் நீங்கள் சேர்த்த வரி, ஐயா. யார் சொன்னது?”

எழுந்து போய்த் தேநீர் போட்டேன். யார் சொன்னதாம்! அவர் மனைவி சொல்கிறேன். ஆனால் அங்கே அது செல்லாது. அச்சில் வந்திருக்க வேண்டும். அந்த விதியை மற்றவர்களுக்கு நான் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

அவர் போய் ஐந்து வருடம். தேடிப் பார்த்திருக்கிறேன். இணையம் முழுவதிலும் அவர் பெயர் வருவது அந்த ஒரு வரியில்தான்.

இந்தக் கணினியிலும் விளையாட்டு ஓடுவதற்கு ஸ்நோஷூ ஒரு வழி அனுப்பியிருந்தார். ஓடையைச் சரிபார்க்க ஓடவிட்டேன். ஆறாம் திரையில் குதிரை மறுபடி பள்ளத்தில். வீட்டு வேலைக்கு வரும் புஷ்பம் துடைப்பத்தோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, பச்சைப்பிள்ளை மாதிரி பொம்மை வச்சு விளையாடுறீங்க?”

“விளையாடவில்லை. சரிபார்க்கிறேன்.”

“அட, இது எங்க வீட்டுக்காரர் ஊருல்ல? அடுக்கத்துக்கு எறங்குற தடம்மா இது. இந்தா, மூணு கல்லு சாமி. அதைத் தாண்டுனா ஓடை கெடக்கும், பாருங்க.”

குதிரையை ஒருவழியாக ஏழாம் திரைக்கு நகர்த்தினேன். ஓடை கிடந்தது.

“எல்லா மலையிலும் கல்லும் ஓடையும் இருக்கும், புஷ்பம்.”

“கண்டில, தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவதான் நான். ஆனா கட்டிக்கிட்டு வந்து அந்தத் தடத்துல அரிசி மூட்டையோட ஏறியிருக்கேன்மா. எனக்குத் தெரியாதா? சார் எப்ப அங்கன போனாரு?”

“போனதில்லை.”

“அப்ப கெனாவுல போயிருப்பாரு.”

அவர் மெட்ராஸ்காரர். ஓய்வுபெற்று இந்த மலைக்கு வந்தபின்னும் ஏரியிலிருந்து கோயில் மேட்டுக்கு ஏறவே இரண்டு இடத்தில் நிற்பார்.

16 வியாழன்

வெயில், ஒரு மணி நேரம் மட்டும். போர்வைகளை உலர்த்தினேன். பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி. ஐந்து வருடமாகத் திறக்காதது.

இருந்தவை: கம்பெனி அடையாள அட்டை. உடைந்த கண்ணாடி. கேசட் இரண்டு (உறையில் கம்பெனிப் பெயர் மட்டும்). வரைபடத் தாள்கள். ஒரு கணினி மாத இதழ், ஒரே ஓர் இதழ்.

அதில் அவருடைய பேட்டி. இரண்டாம் பக்கம், இடப்பக்கப் பத்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்:

“பொதிக்குதிரை முழுவதும் எங்கள் டிரெய்னி செல்வி ரா. பாண்டியம்மாளுடையது. அவருடைய ஊர்ப் பாதை அது. கணினியின் நினைவகத்தில் அடங்கும்படி வெட்டிக் கொடுத்தது மட்டும்தான் நான்.”

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறைதான் ஓரத்தில் இருந்ததைப் பார்த்தேன். பென்சில் குறிகள். என் கை. அந்தப் பத்தியிலேயே மூன்று. ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி, தலைகீழாக விழுந்த ஓர் எழுத்து.

ஆகவே இந்தப் பக்கம் அன்றைக்கே என் கைக்கு வந்திருக்கிறது. அவர்தான் கொடுத்திருப்பார். நான் புரூஃப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எழுத்து எழுத்தாகப் பார்த்தால் பிழை தப்பாது, பொருள் தப்பிவிடும். அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைப் பெருமையாகவே சொல்வேன்.

அவர் ஒரு நாளும் ‘என் விளையாட்டு’ என்று சொன்னதில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். இல்லை. சொன்னதெல்லாம் நான். விருந்துகளில், மாதா கோயில் வாசலில், என் தங்கைக்குக் கடிதத்தில். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்.

17 வெள்ளி

மழை. ஒன்றும் செய்யவில்லை.

உண்மை: இந்த இதழ் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஸ்நோஷூ இரண்டு வருடமாகத் தேடியும் கிடைக்காதது. நான் வாய் திறக்காவிட்டால், சான்று இல்லை என்று ஒரு சின்னக் குறி வரியின் பின்னால் நிற்கும். அப்படிக் குறியோடு பத்து வருடம் நிற்கும் வரிகள் அங்கே ஆயிரம் உண்டு. பெயர் இருக்கும்.

பூம்பாறைப் பூண்டு ஒரு கிலோ. ஈரம், பாதி முளை.

புஷ்பத்திடம் கேட்டேன், அடுக்கத்தில் பாண்டியம்மாள் என்று யாராவது, பெங்களூரில் வேலை பார்த்தவள். “குதிரைக்காரர் மகளா? பெரியகுளத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்குல்ல” என்றாள், தெருமுனையில் இருப்பவளைச் சொல்வதுபோல. சாயங்காலத்துக்குள் எண் வந்துவிட்டது.

18 சனி

பதினொரு மணிக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

“அம்மா! சார் வீட்டு அம்மாவா? இருங்க, இருங்க. ஏலே, மிசினை நிறுத்துலே, சத்தம் காதைப் பொளக்குது! சொல்லுங்கம்மா.”

பொதிக்குதிரை யார் செய்தது என்று கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

“அதையா கேக்குறீங்க? நாந்தான் எழுதுனேன். எங்கய்யா அந்தத் தடத்துல குதிரை ஓட்டுனவருல்ல. ஆனா நான் எழுதுனது பெட்டிக்குள்ள அடங்கவே இல்லம்மா. சார்தான் ரெண்டு வாரம் கெடையாக் கெடந்து வெட்டிக் குடுத்தாரு. அவரு இல்லேன்னா அது வெளிய வந்திருக்காது.”

“எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாயா?”

“ஒருக்கா வந்தேன், பெங்களூர்ல. கிறிஸ்மஸ் விருந்து. பீங்கான் தட்டுல கேக்கு குடுத்தீங்க. இங்கிலீஷ்ல என்னமோ கேட்டீங்களா, பயந்துபோயி அதைத் திங்காமலே வச்சிட்டு வந்துட்டேன்.” சிரித்தாள். பிறகு, “அன்னைக்குக் கூட எல்லார்ட்டயும் சொன்னீங்க, சார் செஞ்ச கேமுன்னு. சார் சட்டுனு என்னையப் பாத்தாரு. வாயத் திறக்கப் போனாரு. நாந்தான் வேணாம் சார்னு தலையாட்டுனேன். இத்தனை பேரு முன்னாடி அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிருமேன்னு.”

இருபது வயதுப் பெண். என் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறாள், என் வீட்டில், என் கேக்கைத் தொடாமல்.

உன் பெயரைப் போடப்போகிறேன், அவர் பெயரை எடுத்துவிட்டு, என்றேன்.

“எதுக்கும்மா? சார் பேரே கெடக்கட்டும். எந்தப் பேரு இருந்தா என்ன, இப்ப யாரு பாக்கப்போறா?”

“நான் பார்ப்பேன்.”

கடையில் யாரோ ரேஷன் கார்டுக்கு இரண்டு காப்பி கேட்டார்கள்.

19 ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம், கவனிக்கவில்லை. அவர்மேல் கோபமாக இருந்தது. விருந்தில் வேண்டாம், வீட்டுக்கு வந்தபின் சொல்லியிருக்கலாம். திரும்பி நடக்கும்போது தோன்றியது: அச்சில் வந்ததையே கொண்டுவந்து கையில் கொடுத்தவர். அதற்கு மேல் என்ன செய்திருப்பார்? என்னைத் திருத்துவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

20 திங்கள்

மின்சாரம் பத்துக்கே போய்விடும் என்றார்கள். ஒன்பதுக்கு உட்கார்ந்தேன்.

திருமணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது படிவங்களுக்காக மட்டும். எழுதியதும் அப்படியே, இந்த ஒரு வரியைத் தவிர. அந்தப் பெயரைத் தேர்வு செய்தேன். நீல நிறம் படிந்தது. அழித்தேன். ‘ரா. பாண்டியம்மாள்’ என்று அடித்தேன். சான்று: இதழ், பக்கம், பத்தி. சேமித்தேன்.

பிறகு உரையாடல் பக்கத்தில்:

“குறிப்பு 14 சரியானது. என் வரி தவறு. நான் நீக்கிய பெயருக்குரியவரின் மனைவி நான். சொந்தக்காரரைப் பற்றி எழுதக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆகவே அவரைப் பற்றி இனி ஒரு சொல்லும் எழுத மாட்டேன். பேட்டியில் அவர் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். அது கட்டுரைக்குத் தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.”

இணைத்த பிறகு கட்டுரையை ஒரு முறை தேடினேன். அவர் பெயர்: பூஜ்யம்.

10.05. மின்சாரம் போயிற்று.

22 புதன்

இரண்டு நாள் போன் லைனே இல்லை, மரம் விழுந்து. இன்று மதியம் வந்தது.

ஸ்நோஷூ: “இத்தனை நாள் ஐயா என்று எழுதியதற்கு மன்னிக்கவும், அம்மணி.” கட்டுரையில், மூன்றாம் பத்தியின் கடைசியில், அவர் பெயர். நிரலைச் சுருக்குவதில் ‘உதவினார்’ என்று போட்டிருக்கிறார்.

உதவினார்! இரண்டு வாரம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்கூடத் தாள்கள். கூட்டித் துடைக்க விடமாட்டார். வெட்டுவது உதவுவது ஆகாது, அது தனித் தொழில், புரூஃப் பார்த்த எனக்குத் தெரியும். நான்கு காரணங்கள் வரிசையாக எழுதினேன். அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன்.

நான்கரைக்குப் பாண்டியம்மாளிடமிருந்து போன். கடைக் கணினியில் கட்டுரையைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

“எம்பேரு மொத வரில கெடக்கும்மா! ஆனா சாருக்கு ‘உதவினார்’னு மட்டும் போட்டிருக்கு. அது பத்தாதும்மா. நீங்க சொன்னா மாத்துவாங்கல்ல?”

“பத்தும்” என்றேன்.